தேன்பெட்டி வெறுமையானது யார் குற்றம்?

ஓர் உயிரைத் தன் காவலில் வைத்துக்கொண்ட மனிதன், அவ்வுயிர் மடிந்துபோனால், அது ஏன் மடிந்தது என்று அறியக் கடமைப்பட்டவனா? அல்லது, "போனது போயிற்று" என்று கையை உதறிவிட்டு வேறோர் உயிரைத் தேடிப் போவது போதுமா? கேள்வி எளியதாகத் தோன்றும். பிள்ளை இறந்தால் காரணம் கேட்கிறோம். மாடு இறந்தால் வைத்தியரைக் கேட்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான ஈக்கள் வாழ்ந்த ஒரு தேன்பெட்டி ஒருநாட் காலையில் ஓசையற்றுக் கிடந்தால், நம்மிற் பெரும்பாலோர் கேள்வி கேட்பதில்லை. விடை மட்டும் சொல்லிவிடுகின்றனர். கேளாமலே விடை கூறும் இப்பழக்கம் தேனீயோடு நின்றுவிடுவதன்று. ஆகலின் சிறிய பிராணியைக் கொண்டு பெரிய விஷயமொன்றை ஆராயப் புகுகின்றோம்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைநாட்டில் தானா ராத்தா என்றொரு சிற்றூர் உண்டு. மலாய் மொழியில் சமநிலம் என்பது அதன் பொருள். 1885-ஆம் ஆண்டில் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயரை அம்மலைநாடு தாங்கி நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். வெயிலிலும் குளிர் விடாத காற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபின், அச்சரிவுகளில் பல பத்தாண்டுகள் கொழுந்து கிள்ளிய கைகளில் மிகுதியானவை தமிழர் கைகளே. இன்று அயல்நாடுகளிலிருந்து வந்த வேறு தொழிலாளரும் அவ்வேலையில் உளர். தேயிலைக்கு அருகே காய்கறித் தோட்டங்களும், ரிங்லெட், பிரிஞ்சாங் முதலிய இடங்களைச் சுற்றித் தேனீப் பண்ணைகளும் உள்ளன. தேனீ வளர்ப்பைக் கற்க விரும்புவோன் ஒருவனுக்கு இம்மலையைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. ஏனெனில் இங்கே தேனீ மடிவதற்கான காரணங்கள் பல. அவை ஒன்றன் ஆடையை ஒன்று உடுத்திக்கொண்டு வருவன.

பெட்டி வெறுமையாயிற்று என்று கேட்டவுடன் அயலார் மூன்று விடைகளை ஆயத்தமாக வைத்திருப்பர். "அதன் விதி அவ்வளவுதான்" என்பார் ஒருவர். "தேன் நிறைய இறங்குகிறது என்று ஊரெல்லாம் சொன்னாயே, கண் பட்டுவிட்டது" என்பார் மற்றொருவர். "பக்கத்துத் தோட்டக்காரன் மருந்தடித்தான், அவன்தான் கொன்றான்" என்பார் மூன்றாமவர். முதலிரண்டையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் நமக்கு எளிது. மூன்றாவது விடையோ அறிவுடையது போலத் தோன்றுகிறது. சில சமயங்களில் உண்மையாகவும் இருக்கும். ஆயினும் பெட்டியைத் திறந்து பாராமல் சொல்லப்பட்டால், அதுவும் முதலிரண்டின் உடன்பிறப்பே ஆகும். விதி என்பவர் பழியை வானத்தின்மேற் போடுகிறார். கண்ணேறு என்பவர் எதிர்வீட்டின்மேற் போடுகிறார். மருந்து என்பவர் வேலிக்கு அப்பாற் போடுகிறார். மூவரும் பெட்டிக்குள் பார்க்கவில்லை என்பதே மூவர்க்கும் பொதுவான குணம்.

பெட்டிக்குள் பார்த்தால் என்ன தெரியும்? இறந்த குடும்பம் ஊமையன்று. அது பலவகையாற் பேசும். பிணமொன்றும் இல்லாமல், தேனும் புழுவும் இல்லாமல், அடை மட்டும் சுத்தமாக நின்றால், குடும்பம் சாகவில்லை. இடம் பிடிக்காமற் புறப்பட்டுப் போயிருக்கிறது. நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு இவ்வழக்கம் மிகுதி. பசி, எறும்பு, வெப்பம், ஓயாத தொந்தரவு இவற்றுள் எதையும் அது நெடுநாள் பொறாது. ஈக்கள் வெற்று அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே இறந்துகிடந்தால், பட்டினியால் மாண்டன என்று அறியலாம். வாயிலுக்கு முன் குவியலாக, நாக்கு நீட்டியபடி கிடந்தால், நஞ்சு என்று ஐயுறலாம். ஓர் அறையில் ஒரு முட்டைக்குப் பதிலாகப் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்து, பணித்தேனீ பிறக்கவேண்டிய அறைகளில் ஆண் தேனீக்களே பிறந்தால், இராணி இல்லாமற் போய் நாட்கள் பல ஆயின என்பது பொருள். வேலை மிகுந்த காலத்தில் பணித்தேனீ ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரமே. புதிய பிறப்பு நின்ற வீட்டில் இறுதி நாளை எண்ணிவிடலாம்.

புதிதாக வளர்ப்போர் பலர் ஏமாறுமிடம் ஒன்றுண்டு. அழிந்த பெட்டியைத் திறந்தவுடன், அடையெங்கும் சிலந்தி வலைபோல் நூல் படர்ந்து, மெழுகுப்பூச்சியின் புழுக்கள் நெளிவதைக் காண்கின்றனர். "இதோ கொலைகாரன்" என்று முடிவு கட்டுகின்றனர். வலிமையுள்ள குடும்பம் மெழுகுப்பூச்சியைத் தன் அடையில் நிலைக்க விடுவதில்லை. காவல் குன்றியபின் வந்து, எஞ்சியதைத் தின்னும் பிராணி அது. இழவு வீட்டிற்குக் கடைசியில் வந்து சேர்ந்தவனைப் பிடித்துக்கொண்டு, நீதான் கொன்றாய் என்று கூறுவது எத்தகையதோ அத்தகையதே இம்முடிவு. கண்ணுக்கு முதலில் தெரிவது காரணமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. காரணம் பெரும்பாலும் நாம் பார்க்கத் தொடங்குமுன்பே தன் வேலையை முடித்துவிட்டு வெளியேறியிருக்கும்.

இனி, மலையை நோக்குவோம். தானா ராத்தாவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. இவ்வளவு பச்சை இருக்கையில் தேனீ பசியால் சாகுமா என்று வினவுவோர் உண்டு. பச்சையைக் காண்பது மனிதன் கண். தேனீ காண விரும்புவதோ பூ. தேயிலைச் செடிக்கும் வெண்மையான பூ உண்டு. அதில் மகரந்தமும் தேனும் உண்டு. ஆயின் கொழுந்தை ஓயாமற் கிள்ளிக் கிள்ளித் தளிரையே வளரச் செய்வதுதான் தோட்டத் தொழில். கிள்ளப்படும் செடி பூப்பது குறைவு. எனவே நமக்குச் சோலையாகத் தோன்றும் சரிவு, தேனீக்குப் பெரும்பாலும் பாலைவனமே. அதன் உணவு காட்டோரத்திலும், வழியோரக் களைகளிலும், வீட்டுத் தோட்டங்களிலும் இருக்கிறது. அவற்றை வெட்டித் துப்புரவாக்கியவர் தேனீயைக் கொல்ல நினைக்கவில்லை; அழகுபடுத்தவே நினைத்தார். நாட்கணக்கில் மழை பெய்து ஈக்கள் வெளியேற முடியாத காலத்தில், முன்னரே தேன் முழுவதையும் பிழிந்தெடுத்துக்கொண்ட வளர்ப்போனும் கொல்ல நினைக்கவில்லை, சம்பாதிக்கவே நினைத்தார். நோக்கம் நல்லதாயிருந்ததால் பசி குறைந்துவிடவில்லை.

காய்கறித் தோட்டத்தின் பூச்சிமருந்தையும் மறைக்க வேண்டுவதில்லை. தெளிக்கும் துளி பயிரோடு நிற்பதன்று. காற்றில் மிதந்து வரப்பிலுள்ள பூவிலும், இலையில் தேங்கிய நீரிலும் படியும். தேனீ அப்பூவையும் நாடும், அந்நீரையும் பருகும். வயலிலேயே மடிந்த ஈக்கள் வீடு திரும்பா. அப்பொழுது வாயிலில் பிணக்குவியல் இராது. பெட்டி மெல்ல மெல்ல மெலியும். மெலிந்த பெட்டியில் நோய் புகும்; நோயுற்ற பெட்டியில் உணவு தேடுவோர் குறைவர்; உணவு குறைந்த பெட்டியில் மெழுகுப்பூச்சி குடியேறும். இப்படிப்பட்ட சாவில், "கொன்றது எது?" என்று ஒருமையிற் கேட்பதே தவறான கேள்வியாகும். அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிப் பணித்தேனீக்கள் திடீரென மறைந்து, இராணியும் புழுவும் மட்டும் எஞ்சிய பெட்டிகள் பெருந்தொகையாகக் காணப்பட்டபோது, ஆராய்ச்சியாளர் பலர் ஒரே குற்றவாளியைத் தேடினர். உண்ணி, வைரஸ், மருந்து, உணவுக்குறை ஆகிய பலவும் கூடியே குடும்பத்தை வீழ்த்துகின்றன என்ற கருத்தே பின்னர் வலுப்பெற்றது.

இவ்வாறு உள்ளே பார்ப்பது மனிதனுக்கு எப்போதும் வாய்த்ததன்று என்பதையும் நினைக்க வேண்டும். மரப்பொந்திலும் பானையிலும் கூடையிலும் தேனீ வாழ்ந்த காலத்தில், அடையை அறுத்துக் குடும்பத்தைக் குலைத்தாலன்றி உள்ளே காண முடியாது. 1851-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், அடைக்கும் அடைக்கும் இடையே ஓர் ஈ செல்லுமளவு இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகால் அடைப்பதில்லை என்பதைப் பயன்படுத்தி, சட்டங்களைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கும் பெட்டியைச் செய்தார். அதன்பின், 1910-களில், திருச்சிராப்பள்ளியிலிருந்த நியூட்டன் பாதிரியார் நமது சிறிய அடுக்குத் தேனீயின் அளவுக்கேற்ற பெட்டியொன்றை வகுத்தார். சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் வசதி வந்த அன்றே, "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கூறும் உரிமை வளர்ப்போனிடமிருந்து பறிபோய்விட்டது. காண முடியாதவன் காணாதிருத்தல் குறையன்று. காண முடிந்தவன் காணாதிருத்தலோ அவன் தேர்ந்துகொண்ட செயலாகும்.

இதற்கு உதாரணமாகக் கடல் கடந்து நம் தாய்நாட்டிற்குச் செல்வோம். மலேயாவிலும் தமிழ்நாட்டிலும் மரப்பொந்தில் வாழும் அடுக்குத் தேனீ ஒரே இனமே. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம், திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த 1920-களில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் அங்கே கிராமப் புனரமைப்பு நிலையமொன்றை நடத்தினார். ஏழைக் குடியானவனுக்குச் சிறு வருமானம் தரும் தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பு அங்கே கற்பிக்கப்பட்டது. அதன் விளைவாக மார்த்தாண்டத் தேன் பெயர்பெற்றது. பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ரப்பர் மரத்தின் தேன் பூவில் ஊறுவதன்று. புதுத்தளிரின் காம்பிலுள்ள சுரப்பியில் ஊறுவது. தளிர்க்கும் பருவத்தில் பெட்டிகளை வண்டியேற்றி ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்வது வழக்கமாயிற்று. நிலமில்லாதவனும் பிறர் நிலத்து மரத்தால் பிழைக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் அத்தொழிலின்மேல் பேரிடி விழுந்தது. 1976-இல் தாய்லாந்தில் முதலிற் கண்டறியப்பட்ட, சாக்புரூட் என்னும் வைரஸ் நோயின் ஒருவகை தென்னாட்டை அடைந்தது. அந்நோயில் வளர்ந்த ஈ சாவதில்லை, புழுவே சாகும். மூடிய அறைக்குள் கூட்டுப்புழுவாக மாறவேண்டிய தருணத்தில், தோல் ஒரு பையாகி, உள்ளே நீர் கட்டி, தலை மேல்நோக்கி நிமிர்ந்தபடி புழு மடியும். வாயிலில் நின்று பார்ப்பவனுக்கு ஈக்கள் வழக்கம்போற் பறப்பதே தெரியும். முதியோர் நலமாக இருக்கப் பிள்ளைகள் மட்டும் இறக்கும் வீடு எத்தனை நாள் வீடாக இருக்கும்? தென்னாட்டு அடுக்குத் தேனீக் குடும்பங்களில் 90 சதவீதத்திற்கு மேல் அழிந்தன என்பது ஆராய்ச்சியாளர் பலர் கூறும் கணக்கு. ஒரு பருவத்திற்கு முன் பெட்டிகளை எண்ணிக் கடன் வாங்கியவனுக்கு, அடுத்த பருவத்தில் எண்ண மிஞ்சியது மரப்பலகைகளே.

அந்நோய்க்கு மருந்தில்லை. கிருமியைக் கொல்லும் மருந்துகள் பாக்டீரியாவுக்கே உரியவை. வைரஸை அவை தீண்டா. காரணம் அறியாதவன் கையிற் கிடைத்ததையெல்லாம் சர்க்கரைப் பாகில் கலந்து ஊட்டி, பணத்தையும் காலத்தையும் இழக்கக்கூடும். காரணம் அறிந்தவனும் நோயைத் தீர்க்க வல்லனல்லன். ஆயினும் அவன் செய்யத்தக்கவை உண்டு. நோயுற்ற அடையை நலமான பெட்டிக்கு மாற்றாதிருக்கலாம். இராணியைச் சிலநாள் அடைத்து வைத்து முட்டையிடலை நிறுத்தி, நோய் பற்ற இளம்புழு இல்லாதபடி செய்யலாம். எல்லாவற்றிலும் முக்கியம், எந்தக் குடும்பம் பிழைத்தது என்று கவனித்து, அதிலிருந்தே புதிய குடும்பங்களைப் பிரிக்கலாம். தப்பிப் பிழைத்த குடும்பங்களைப் பெருக்கியதன் மூலமே தென்னாட்டில் அடுக்குத் தேனீ மீண்டும் தலையெடுத்தது. கன்னியாகுமரி மாவட்டம் இன்றும் தேனுக்குப் பெயர்பெற்றே விளங்குகிறது. இதில் ஆழ்ந்த நீதியொன்று இருக்கிறது. இறந்த பெட்டிகளைப் பார்த்து அழுதவன் துக்கத்தை அறிந்தான், இறவாத பெட்டியைப் பார்த்து, "நீ ஏன் சாகவில்லை?" என்று கேட்டவனே வழியை அறிந்தான்.

காரணம் காண்பது கற்றோர்க்கும் எளிதன்று. இங்கிலாந்தின் தெற்கேயுள்ள வைட் தீவில் 1906-ஆம் ஆண்டளவில் தேனீக்கள் பறக்கமாட்டாமல் தரையில் ஊர்ந்து மடியத் தொடங்கின. அது நாடெங்கும் பரவிய ஒரே நோய் என்று எல்லோரும் நம்பினர். 1921-இல் அபர்டீன் ஆராய்ச்சியாளர், தேனீயின் மூச்சுக்குழலில் வாழும் ஓர் உண்ணியைக் கண்டு வெளியிட்டனர். விஷயம் முடிந்தது என்று உலகம் எண்ணியது. 1960-களில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்து லெஸ்லி பெய்லி, அவ்வுண்ணி மட்டும் அந்த அழிவைச் செய்திருக்க முடியாது என்றும், வாத வைரஸ் ஒன்றும் பிற காரணங்களும் கலந்திருக்க வேண்டுமென்றும் காட்டினார். இன்னொன்றைக் கேளுங்கள். ஜாவாவில் அடுக்குத் தேனீயின்மேல் கண்ட வரோவா என்னும் உண்ணிக்கு 1904-இல் பெயரிட்டனர். பிற்காலத்தில் மேனாட்டுத் தேனீயை உலகெங்கும் அழித்த உண்ணியும் அதுவே என்று கருதி, அதே பெயரால் அழைத்தனர். 2000-ஆம் ஆண்டிலேதான் ஆண்டர்சன், ட்ரூமன் என்னும் இருவர், இவை இரண்டு வேறு இனங்கள் என்று நிலைநாட்டினர். மலேயா, இந்தோனேசியப் பகுதிகளில் அடுக்குத் தேனீயோடு வாழ்ந்துவருவது ஒன்று. உலகத்தில் பேரழிவு செய்தது மற்றொன்று. குற்றவாளியின் பெயரையே தவறாக எழுதிவைத்து நெடுங்காலம் வழக்கு நடத்தினோம் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதைக் கேட்டுச் சிலர் நகைப்பர். "பார்த்தீர்களா, விஞ்ஞானமும் மாறி மாறித்தானே சொல்கிறது, விதி என்ற சொல்லோ மாறுவதேயில்லை" என்பர். மாறாதிருப்பதே அச்சொல்லின் குறை என்று நாம் கூறுவோம். உண்ணி என்று சொன்னவர் தாம் கண்டதைக் கண்ணாடியின்கீழ் வைத்துக் காட்டினார். ஆகவே மற்றொருவர் வந்து, அது போதாது என்று காட்ட முடிந்தது. விதி என்று சொன்னவர் எதையும் காட்டவில்லை. ஆகவே எவராலும் அவரைத் திருத்த முடியவில்லை. திருத்தப்படக் கூடியதாயிருத்தல் அறிவின் பலவீனமன்று. அதுவே அதன் உயிர்.

மனிதர் சாவிலும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. அதுவும் நம்மவர் சாவில், இதே மலேயாவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மலேரியாக் காய்ச்சலால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, நோயைப் பெரிதும் தணித்தார். அம்முறையை எல்லா இடத்திலும் செய்துவிட்டால் தீர்ந்தது என்றே தோன்றும். ஆனால் குன்றுகள் நிறைந்த தோட்டங்களில் காட்டை வெட்டியபின்னும் காய்ச்சல் தணியவில்லை. வாட்சன் ஆராய்ந்தார். சமநிலத்தில் நோய் பரப்பியது நிழலிலுள்ள தேக்கநீரில் வளரும் கொசு. குன்றிலோ, வெயில்படும் தெளிந்த ஓடையில் வளரும் வேறொரு கொசு. நிழலை அகற்றியது முதற்கொசுவுக்கு மரணம், இரண்டாவதற்கு வரவேற்பு. ஒரே செயல் ஓரிடத்தில் காத்தது; மற்றோரிடத்தில் கொன்றது. "எனக்குக் காரணம் தெரியும்" என்று அவர் முதல் வெற்றியோடு நின்றிருந்தால், குன்றுத் தோட்டங்களின் லயங்களில் சாவு நிற்காதிருந்திருக்கும்.

தேனீயையும் தொழிலாளியையும் ஒப்பிட்டு மனிதனைத் தாழ்த்துவது நம் கருத்தன்று. சாவைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே என்பதைத்தான் சொல்கிறோம். சிறிய உயிரின் சாவில் "ஏன்?" என்று கேட்கப் பழகாதவன், பெரிய உயிரின் சாவிலும் கேட்க மறந்துவிடுவான். ஓரிடத்தில் பலித்த விடையை எல்லா இடத்திற்கும் பொருத்துபவன், தன் ஊரின் ஓடையைப் பார்க்க மாட்டான். மார்த்தாண்டத்துப் பெட்டி வைரஸால் அழிந்தது என்று படித்தவுடன், தானா ராத்தாவிற் பட்டினியால் செத்த பெட்டிக்கும் வைரஸ் என்று பெயரிடுவது கற்றலன்று. பெரிய சொல்லால் விதியென்று கூறுதலே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "நாள் முழுதும் உழைத்துவிட்டு வருபவன் வீட்டுப் பின்புறம் ஒரு பெட்டி வைத்திருக்கிறான். அவன் ஆராய்ச்சியாளனாக வேண்டுமென்பது நியாயமா? நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் அவனுக்கு எங்கே கிடைக்கும்?" நியாயமான கேள்வி. ஜெனிவாவில் 1750-இல் பிறந்த பிரான்சுவா ஹூபர் இளமையிலேயே கண்பார்வை இழந்தவர். தேனீயின் வாழ்வைப்பற்றி உலகம் அதுவரை அறியாத பலவற்றை அறிவித்தவர் அவரே. கண் பர்னென்ஸ் என்னும் பணியாளருடையது, கேள்வி ஹூபருடையது. என்ன பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டார். கண்டதைக் கண்டபடியே பர்னென்ஸ் சொன்னார். கேள்வி ஒழுங்காயிருந்தால் குருடருக்கும் காட்சி கிடைக்கிறது. கேள்வி இல்லையேல் கண்ணிருந்தும் பயனில்லை. எளியவனிடம் நாம் கேட்பது ஆய்வுக்கூடமன்று. வாரத்திற்கொரு முறை சட்டத்தைத் தூக்கிப் பார்த்தல். முட்டையும் புழுவும் தேனும் எவ்வளவு என்று ஒரு சிறு நோட்டில் குறித்தல். மழை, பூ, மருந்து தெளித்த நாள் ஆகியவற்றை எழுதுதல். இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றில் மட்டும் ஒரே மாற்றத்தைச் செய்து, மற்றதை முன்போலவே விட்டு, இரண்டையும் ஒப்பிடுதல். இவை ஏழைக்கு எட்டாதவை அல்ல.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. "ஒவ்வொரு சாவிற்கும் காரணம் தேடினால், எல்லாக் குற்றமும் வளர்ப்போன் தலையிலேயே வந்து விழும். மனம் நொந்து அவன் தொழிலையே விட்டுவிடுவான்" என்பர். குற்றம் வேறு, கடமை வேறு என்பதை மறந்ததால் வரும் அச்சம் இது. மழை பெய்ததற்கு அவன் குற்றவாளியல்லன். மழைக்குமுன் தேன் மிச்சம் வைப்பது அவன் கடமை. வைரஸ் வந்ததற்கு அவன் குற்றவாளியல்லன். வந்ததை அறிந்து அடுத்த பெட்டிக்குப் பரவாமற் காப்பது அவன் கடமை. குற்றம் முடிந்துபோன நாளைப் பார்க்கிறது. கடமை வரப்போகும் நாளைப் பார்க்கிறது. தன்னையே ஓயாமற் பழித்துக்கொள்பவனும், பிறரையே ஓயாமற் பழிப்பவனும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர். இருவருக்கும் வேண்டியது குற்றவாளி ஒருவன், காரணம் அன்று. குற்றவாளி அகப்பட்டவுடன் இருவரும் தேடுவதை நிறுத்திவிடுகின்றனர்.

சில சமயம் எல்லாம் பார்த்தபின்னும் காரணம் கிட்டாது. அப்பொழுது நோட்டில் "தெரியவில்லை" என்றே எழுதவேண்டும். "விதி" என்று எழுதுவதற்கும் "தெரியவில்லை" என்று எழுதுவதற்கும் என்ன வேற்றுமை என்று சிலர் கேட்கலாம். இரண்டிலும் அறியாமையே இருக்கிறதல்லவா? ஆம், ஆனால் விதி என்பது பூட்டிய கதவு, தெரியவில்லை என்பது திறந்து வைத்த கதவு. முன்னது அறியாமைக்கு அறிவின் உடையைப் போர்த்துகிறது. பின்னது அறியாமையை அறியாமை என்றே ஒப்புக்கொள்கிறது. மூன்று பெட்டிகளின்கீழ் "தெரியவில்லை" என்று நாளும் குறிப்பும் சேர்த்து எழுதியவன், நான்காவது பெட்டி நோயுறும்போது அம்மூன்றையும் சேர்த்துப் படித்து ஒரு தொடர்பைக் காணக்கூடும். மூன்றின்கீழும் "விதி" என்று எழுதியவனுக்குப் படிக்க ஒன்றுமில்லை.

அறிந்ததை மறைப்பதும் இங்கே ஒரு குற்றமாகும். பெட்டி நோயால் அழிந்தது என்று சொன்னால் தேன் விலைபோகாது, அயலார் இகழ்வர் என்று அஞ்சிச் சிலர் வாய்மூடி இருப்பர். அழிந்த பெட்டியில் மிஞ்சிய தேனைக் கொள்ளையிட அடுத்த வீட்டு ஈக்கள் வரும். தேனோடு நோயையும் சுமந்து போகும். ஈக்கு வேலி கிடையாது. பெட்டியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் வண்டி, அதனுள் இருக்கும் நோயையும் கூலியின்றிக் கொண்டுசெல்லும். ஆகவே ஒருவன் பெட்டியின் சாவு அவன் சொந்த விஷயம் மட்டுமன்று. மருந்து தெளிப்பவரிடம் போய், எந்நாளில் தெளிப்பீர்கள், ஈக்கள் அடங்கிய மாலையில் தெளிக்கலாகுமா என்று கேட்பதற்கும் இந்த வாய்திறத்தல் வேண்டும். "கொன்றாய்" என்று தொடங்கும் பேச்சு சண்டையில் முடியும். "இந்நாளில் இத்தனை ஈக்கள் இப்படி இறந்தன" என்று நோட்டைக் காட்டித் தொடங்கும் பேச்சிற்கு அவர் காது கொடுக்கவும் கூடும்.

"ஈ சாவது இயற்கை, இயற்கையை விசாரிக்க நாம் யார்?" என்று இறுதியாக ஒருவர் கேட்கலாம். காட்டு மரப்பொந்தில் தானே குடியேறித் தானே மடிந்த குடும்பத்தைப்பற்றி அவ்வாறு கூறினால் நாம் மறுக்கவில்லை. ஆனால் இடத்தை நாம் தேர்ந்தோம். பெட்டியை நாம் செய்தோம். சட்டத்தை நாம் எடுத்தோம். தேனை நாம் உண்டோம். பலனை எடுக்கையில் "என் தேனீ" என்றும், சாவு வந்தபின் "இயற்கையின் தேனீ" என்றும் கூறுதல் நேர்மையாகாது. ஓர் உயிரின் உழைப்பை வாங்கிக்கொண்டவன், அதன் சாவின் காரணத்தைத் தேடக் கடன்பட்டவன். தேனீ வளர்ப்போனுக்கும் அது பொருந்தும். தோட்டம் வைத்தவனுக்கும் பொருந்தும். நாட்டை ஆள்பவனுக்கும் பொருந்தும்.

வெறுமையான பெட்டியைத் தூக்கி எறியுமுன் ஒரு நாழிகை அதன்முன் உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டமாக எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். கண்டதை எழுதுங்கள்; கண்டதை அயலாரிடம் சொல்லுங்கள். அடுத்த குடும்பத்தை அப்பெட்டியில் குடியேற்றும் உரிமை, அந்த ஒரு நாழிகைக்குப் பின்னரே நமக்கு வருகிறது.